கருவறை வழியே வெளியேறும் நோய்

தெருநாயைப் பற்றிப் பேச்சு எழுந்தால், டீக்கடையானாலும் மாமன்றக் கூட்டமானாலும் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடமாட்டார்: “நாயைப் பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்கிறார்கள். காதில் ஒரு வெட்டுப் போட்டு அதே தெருவில் கொண்டுவந்து விடுகிறார்கள். குட்டி போடாது, சரி. வெறிநோய் எப்படிக் குறையும்? ஆபரேஷன் ஆன நாய்க்குப் பல் இல்லாமலா போய்விடுகிறது?”

நியாயமான கேள்விதான். வெறிநோய்க் கிருமி இருப்பது எச்சிலில், கத்தி வைப்பது வயிற்றில். நோயைத் தடுப்பதற்கும் பிறப்பைத் தடுப்பதற்கும் என்ன சம்பந்தம்?

அது நோய்க்கு நோய் மாறும். சில நோய்களில் இரண்டுக்கும் தூரத்து உறவுதான், சிலவற்றில் உறவே இல்லை. ஒரு நோயிலோ கிருமி வெளியேறும் வழியும் கன்று வெளியேறும் வழியும் ஒன்றாக இருக்கின்றன. அந்த நோயிலிருந்து தொடங்கினால் நாய்க்கணக்கும் பின்னால் தானே விளங்கும். அதற்கு நாம் போக வேண்டிய இடம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன்.

இரண்டு டஜனிலிருந்து ஐயாயிரம்

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872இல் உருவானது. பெரும்பகுதி வையோமிங் மாநிலத்தில் இருக்கிறது. ஓரங்கள் மொன்டானாவிலும் ஐடஹோவிலும் நீள்கின்றன. அங்கே கூட்டமாக மேய்பவை பைசன்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து நிற்கும் காட்டுமாட்டையும் பைசன் என்று சொல்பவர்கள் உண்டு. அது வேறு இனம். அமெரிக்க பைசனுக்குத் தோளில் பெரிய திமில், தலையிலும் கழுத்திலும் கருத்த சடை. பெரிய காளை 900 கிலோ இருக்கும், பசு அதில் பாதி.

கோடிக்கணக்கில் திரிந்த இந்த விலங்கை 19ஆம் நூற்றாண்டில் தோலுக்காகச் சுட்டார்கள். அதை நம்பி வாழ்ந்த பழங்குடிகளைப் பணியவைக்க அதுவே சுலபமான வழி என்பதும் சுட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1902இல் யெல்லோஸ்டோனில் மிஞ்சியவை ஏறக்குறைய இரண்டு டஜன். தனியார் மந்தைகளிலிருந்து 21 பைசன்களை வாங்கிச் சேர்த்து, காவல் போட்டு வளர்த்தார்கள். இன்று அங்கே ஐயாயிரம் அளவில் இருக்கின்றன. காட்டுயிர்ப் பாதுகாப்பு வரலாற்றில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இது.

அதில் ஒரு கறை உண்டு. 1917இல் அங்கே பைசன் பசுக்கள் கன்று வீசின. சோதித்தபோது ரத்தத்தில் புருசெல்லா என்ற பாக்டீரியாவின் தடயம் இருந்தது. அது அமெரிக்கக் காட்டில் தோன்றிய கிருமி அன்று. ஐரோப்பியக் குடியேறிகள் ஓட்டிவந்த மாடுகளோடு வந்து சேர்ந்தது. மாடு பைசனுக்குக் கொடுத்தது. நூறு ஆண்டு கழித்து, பைசன் மாட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுமோ என்று மாட்டுக்காரர்கள் பயப்படுகிறார்கள்.

கன்று வீச்சு

சினைமாடு மாதம் நிறையும் முன்பே கன்றை வெளியே தள்ளிவிட்டால் ‘மாடு கன்னு வீசிடுச்சு’ என்பார்கள் நம் கிராமங்களில். புருசெல்லாவால் வரும் நோய்க்குக் கால்நடை மருத்துவர்கள் கன்று வீச்சு நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரிக்கு அடுத்து இலக்காக வைக்கப்பட்டது இதுதான். நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள்.

இந்தக் குடும்பத்தின் முதல் கிருமியை டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் 1887இல் மால்டா தீவில், காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் கண்டார். மாட்டின் கிருமியைப் பத்து ஆண்டு கழித்து டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பேங் கண்டுபிடித்தார். மனிதருக்கு வந்தால் ஏறி இறங்கும் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும்.

மாட்டுக்கும் பைசனுக்கும் உள்ளே அது செய்யும் வேலை தனிரகம். சினையில்லாத பசுவின் உடலில் நிணநீர் முடிச்சுகளில் அமைதியாகக் கிடக்கும். பசு மேயும், அசைபோடும், பார்வைக்கு எந்தக் குறையும் இருக்காது. சினை பிடித்து, கருவைச் சுற்றி இளங்கொடி வளர்ந்ததும் நிலைமை மாறுகிறது. குளம்புள்ள விலங்குகளின் இளங்கொடியில் எரித்ரிடால் என்ற ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. புருசெல்லாவுக்கு அது விருந்து. ஒரு கிராம் திசுவில் கோடிக்கணக்காகப் பெருகும். இளங்கொடி அழுகிக் கழன்றுவிட, சினையின் கடைசி மூன்று மாதத்தில் கரு செத்து வெளியே விழும். யெல்லோஸ்டோனில் இது பெரும்பாலும் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் நடக்கிறது.

பனித்தரையில் ஈரமாக ஒரு கரு கிடக்கிறது. பைசன் கூட்டமாக வாழும் விலங்கு, கன்று போடுவதும் கூட்டத்துக்கு நடுவில்தான். எது பிறந்தாலும் சுற்றி நிற்கும் பசுக்கள் வந்து முகர்ந்து நக்கிப் பார்க்கும். செத்த கருவையும் அப்படியே நக்கும். நோய் அடுத்த விலங்குக்குப் போவது முக்கியமாக இந்த ஒரு கணத்தில்தான். கடும் குளிரில் வெயில் படாமல் கிடந்தால் அந்தக் கருவில் கிருமி 81 நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்று களச்சோதனை காட்டியிருக்கிறது. நரியும் காக்கையும் அவ்வளவு நாள் விட்டுவைப்பதில்லை என்பது ஓர் ஆறுதல்.

நம் ஊரில் மாடு போட்ட இளங்கொடியை வைக்கோலில் பொதிந்தோ சாக்கில் கட்டியோ ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் உண்டு. பால் பெருகும் என்ற நம்பிக்கையில் செய்வது. பால் பெருகுகிறதோ இல்லையோ, அடுத்த மாட்டின் மூக்குக்கு எட்டாத உயரத்துக்கு அது போய்விடுகிறது! ஆனால் வெறுங்கையால் எடுத்துக் கட்டுகிறவருக்குத்தான் ஆபத்து.

கொல்வதில் உள்ள சிக்கல்

மொன்டானாவில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். ஒரு மாநிலத்தில் மாட்டுக்குக் கன்று வீச்சு நோய் இல்லை என்று மத்திய வேளாண்துறை கொடுக்கும் தகுதி போய்விட்டால், மாட்டை வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போதெல்லாம் ரத்தப் பரிசோதனை, செலவு, தாமதம். மொன்டானா அந்தத் தகுதியை 1985இல் பெற்றது, 2008இல் இழந்தது, அடுத்த ஆண்டே மீட்டது. அதனால் குளிர்காலத்தில் மேய்ச்சல் தேடிப் பூங்கா எல்லையைத் தாண்டும் பைசனைப் பார்த்தால் அங்கே துப்பாக்கி தூக்கினார்கள். 1996-97 குளிர்காலத்தில் ஆயிரத்துக்கும் மேல், 2007-08இல் 1,600க்கும் மேல் சுடப்பட்டோ இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டோ போயின.

இவ்வளவு கொன்றும் நோய் குறையவில்லை. வளர்ந்த பசுக்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தின் ரத்தத்தில் கிருமியின் தடயம் தொடர்ந்து தென்படுகிறது. எல்லை தாண்டியது எதுவோ அதைக் கொன்றார்களே தவிர, நோயைப் பரப்பக்கூடியது எது என்று பார்த்துக் கொல்லவில்லை. அப்படிப் பார்த்துக் கொன்றாலும் சரிவருமா என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

தடுப்பூசி? மாட்டுக்கு நன்றாக வேலை செய்யும் ஊசி பைசனிடம் அரைகுறையாகத்தான் பலிக்கிறது. தூரத்திலிருந்து காற்றுத் துப்பாக்கியால் மருந்துக் குண்டு சுடும் யோசனையைப் பூங்கா நிர்வாகம் நெடுங்காலம் ஆராய்ந்து, 2014இல் வேண்டாம் என்று முடிவு செய்தது.

இந்த முட்டுச்சந்தில் நின்றுகொண்டுதான் சில கால்நடை விஞ்ஞானிகள் வேறு மாதிரி யோசித்தார்கள். பசுவின் உடலிலிருந்து கிருமியை விரட்ட முடியவில்லை. பசுவைக் கொல்லவும் வேண்டாம். அது சினைப்படாமல் மட்டும் பார்த்துக்கொண்டால்? இளங்கொடி இல்லை, கிருமிக்கு விருந்து இல்லை, பனியில் கரு விழப்போவதும் இல்லை. கிருமி பசுவுக்குள்ளேயே கிடக்கும், வெளியே வர வழி இருக்காது.

தன் ஹார்மோனுக்கு எதிராக ஓர் ஊசி

காட்டு விலங்குக்கு மாத்திரை கொடுக்க முடியாது, ஆயிரக்கணக்கில் ஆபரேஷனும் செய்ய முடியாது. கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் அமெரிக்க வேளாண்துறைக்கு ஒரு தேசியக் காட்டுயிர் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே உருவான ஊசியின் பெயர் கோனாகான். ஒரே ஊசியில் ஆண்டுக்கணக்கில் சினைப்படாமல் தடுப்பது அதன் நோக்கம்.

மூளையின் அடிப்பகுதியிலிருந்து ஒரு சிறு ஹார்மோன் கிளம்புகிறது. பத்தே அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி. அதைத் தொடக்க ஹார்மோன் என்று வைத்துக்கொள்வோம், ஏனென்றால் இனப்பெருக்கத்தின் எல்லா வேலைகளுக்கும் முதல் உத்தரவு அதனிடமிருந்துதான். அது பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி சினைப்பைக்குச் சொல்லும், முட்டை முதிரும், பசு பருவத்துக்கு வரும். முதல் உத்தரவு நின்றால் மற்ற எதுவும் நடக்காது.

அதை நிறுத்த, உடலின் எதிர்ப்பாற்றலையே அதற்கு எதிராகத் திருப்ப வேண்டும். ஆனால் அது உடலின் சொந்தச் சரக்கு. இவ்வளவு சிறிய, பழகிய பொருளை எதிர்ப்பாற்றல் கண்டுகொள்ளாது. எனவே அந்தச் சங்கிலியை ஒரு பெரிய அந்நியப் புரதத்தோடு பிணைத்தார்கள். அந்தப் புரதம் கடல்நத்தை வகை ஒன்றின் ரத்தத்திலிருந்து எடுத்தது. நத்தையின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் நிறம் நீலம். உடல் அந்த நீலப் புரதத்தைப் பார்த்து உஷாராகி எதிர்ப்பொருள் தயாரிக்கும். கூடவே பிணைத்திருக்கும் ஹார்மோனுக்கும் சேர்த்துத் தயாரித்துவிடும். அந்த எதிர்ப்பொருள், இனி மூளையிலிருந்து கிளம்பும் ஹார்மோனை வழியிலேயே மடக்கிப் பிடிக்கும். எதிர்ப்பொருள் அளவு சில ஆண்டுகளில் தேய்ந்ததும் பசு பழையபடி சினைப்படலாம். கிருமிக்கு எதிராக இல்லாமல் கருத்தரிப்புக்கு எதிராக வேலை செய்யும் தடுப்பூசி என்பதால், கருத்தடைத் தடுப்பூசி என்று சொல்லலாம்.

இதே காரியத்துக்கு வேறொரு ஊசியும் உண்டு. பன்றியின் சினைமுட்டை உறையிலிருந்து செய்தது. அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் அசாட்டீக் தீவின் காட்டுக்குதிரைகளுக்கு 1994 முதல் பல ஆண்டு போட்டுவந்தார்கள். அது ஹார்மோனைத் தொடுவதில்லை, விந்து முட்டைக்குள் நுழைவதை மட்டும் தடுக்கிறது. எனவே பருவச் சுழற்சி நிற்காது. வெண்வால் மானுக்கு அந்த ஊசியைப் போட்டபோது, சினைப்படாத பெண்மான்கள் மறுபடி மறுபடி பருவத்துக்கு வந்து, இணைசேரும் காலம் மாதக்கணக்கில் நீண்டது. எண்ணிக்கையைக் குறைக்க மட்டும் நினைத்தால் அதனால் நஷ்டமில்லை. நோயைக் கட்டுப்படுத்த வந்தவருக்கு இது வேண்டாத வேலை. விலங்குகள் ஒன்றையொன்று நெருங்கும் நாட்கள் கூடுகின்றன. கோனாகான் பருவத்தையே அடக்கிவிடுவதால் அந்தத் தொல்லை குறைவு.

பைசனில் முதல் சோதனை ஐடஹோவில், வேலிக்குள் இருந்த ஒரு சிறு மந்தையில் நடந்தது. ஒரே ஊசி குறைந்தது ஓராண்டுக்குச் சினைப்படாமல் தடுத்தது என்ற முடிவு 2004இல் வெளியானது. பிறகு மொன்டானாவில், பூங்காவின் வடக்கு வாசலுக்கு அருகே கார்வின் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், யெல்லோஸ்டோனிலிருந்தே பிடித்துவந்த நோய்த்தடயமுள்ள பசுக்களைக் கொண்டு வேளாண்துறை பெரிய சோதனையில் இறங்கியது. பாதிப் பசுக்களுக்கு ஊசி, பாதிக்கு இல்லை. காளையோடு விட்டு, எது கிருமியை வெளியேற்றுகிறது என்று கவனிப்பது.

நூறு பசுக்கள்

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கற்பனை, விகிதங்கள் மட்டும் யெல்லோஸ்டோனை ஒட்டியவை.

வளர்ந்த பைசன் பசுக்கள் நூறு. எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தால் 60க்கு எதிர்ப்பொருள் இருக்கிறது, 40க்கு இல்லை. எதிர்ப்பொருள் இருந்தால் நோய் இருக்கிறது என்று அர்த்தமில்லை, எப்போதோ கிருமி நுழைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அறுத்துப் பார்த்துக் கிருமியை வளர்த்தெடுத்த ஆய்வுகளில், எதிர்ப்பொருள் உள்ள பசுக்களில் ஏறத்தாழப் பாதியில்தான் உயிருள்ள கிருமி கிடைத்தது. ஆக, நம் 60இல் 30 கிருமியைச் சுமப்பவை, 30 குணமானவை. எது எது என்று ரத்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது. சுமக்கும் 30இலும் வரும் வசந்தத்தில் கன்று வீசப்போவது சிலதான். பெரும்பாலும் அண்மையில் தொற்றிய, முதல் அல்லது இரண்டாம் சினையில் இருக்கும் இளம்பசுக்கள்.

முதல் வழி: 60ஐயும் கொன்றுவிடலாம். எஞ்சிய 40 சுத்தம் என்று தோன்றும். ஆனால் கிருமி நுழைந்து எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரம் ஆகும். அந்த இடைவெளியில் சோதித்த பசு ஒன்று ‘இல்லை’ பட்டியலில் ஒளிந்திருக்கலாம். அடுத்த ஆண்டு அது கன்று வீசுகிறது. பத்துப் பசுக்கள் வந்து நக்குகின்றன. முன்பாக இருந்தால் அந்தப் பத்தில் ஆறு ஏற்கெனவே நோய் கண்டவை, அவற்றோடு கிருமி நின்றிருக்கும். இப்போது பத்தும் புதியவை. காய்ந்த ஓலைக் குவியலில் நெருப்பு விழுந்தால் நடுவே செருகிய பச்சை மட்டைகள்தான் அதை மட்டுப்படுத்தும்; நாம் பச்சை மட்டைகளை எல்லாம் பொறுக்கி எடுத்து வெளியே எறிந்துவிட்டோம். கூட்டத்தில் பலருக்கு எதிர்ப்பாற்றல் இருப்பதால் மீதிப் பேருக்கும் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பைக் கொரோனா காலத்தில் மந்தை எதிர்ப்பாற்றல் என்று படித்திருப்பீர்கள். இங்கே நிஜமாகவே மந்தை.

இரண்டாம் வழி: தொற்றாத 40க்குத் தடுப்பூசி. ஊசி நூறு சதம் பலிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், கிருமியைச் சுமக்கும் 30க்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை. அவை கன்று வீசிக்கொண்டுதான் இருக்கும்.

மூன்றாம் வழி: எதிர்ப்பொருள் உள்ள 60க்கும் கருத்தடை ஊசி. மூன்று ஆண்டு தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வசந்தத்துக்கு அவற்றிலிருந்து கருவும் விழாது, இளங்கொடியும் விழாது. ஆனால் அவை மந்தையை விட்டுப் போகவில்லை. ஒளிந்திருந்த அந்த ஒரு பசு கன்று வீசினாலும், முகர வரும் பத்து மூக்குகளில் ஆறு இன்னும் அவற்றுடையவை. நோயாளியை நோயைத் தடுக்கும் சுவராகவே நிறுத்திவைக்கிறோம். கொல்வதில் கிடைக்காத லாபம் இது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. பிறக்கும் ஒவ்வொரு கன்றும் நோய்க்கு ஒரு புது ஆள். ஆண்டுக்கு 70 கன்று பிறந்த இடத்தில் 30 பிறந்தால், வரத்து பாதிக்கும் கீழே போகிறது.

60க்கும் போட வேண்டுமா? வயதைப் பாருங்கள். கிழப்பசுக்களில் பெரும்பாலானவை குணமானவை, ஆண்டாண்டாக நல்ல கன்று போடுபவை. ஆபத்து இளசுகளில்தான். அந்த 60இல் இளையவை 15 என்றால், அந்தப் பதினைந்துக்கு மட்டும் ஊசி போட்டாலே பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடும். மந்தையின் பிறப்பு விகிதமும் அவ்வளவாக அடிபடாது.

கணினிக்குள் ஒரு மந்தை

விரல்விட்டு எண்ணிய இந்தக் கணக்கை, யெல்லோஸ்டோனின் நிஜமான பிறப்பு, இறப்பு, தொற்றுத் தரவுகளைக் கொண்டு கணினியில் ஒரு குழு போட்டுப் பார்த்தது. ஒவ்வொரு பைசனும் தனித்தனியாகப் பிறந்து, சினையாகி, தொற்றி, இறக்கும் மாதிரி அது. கருத்தடை, தடுப்பூசி, சோதித்து அகற்றுதல் மூன்றையும் ஒப்பிட்டார்கள். 2011இல் வெளியான முடிவுகள் பல விதத்தில் எதிர்பாராதவை.

கருத்தடையும் அகற்றுதலும் அதிகப் பலன் தந்தது, எதிர்ப்பொருள் உள்ள இளம்பசுக்களைத் தேடிப் பிடித்துச் செய்தபோதுதான். குறையில்லாத தடுப்பூசி என்று வைத்துக்கொண்டும் தடுப்பூசி பின்தங்கியது. ஆண்டுக்கு 50 முதல் 100 பசுக்களுக்கு, அதாவது பெண்களில் 2.5 முதல் 5 சதவீதத்துக்கு, கருத்தடை செய்தாலும் மந்தையின் வளர்ச்சி பெரிதாகக் குறையவில்லை. இன்னும் வேடிக்கை, 25 ஆண்டு முடிவில் பெரும்பாலும் வளர்ச்சி கூடியிருந்தது! சில பசுக்களைக் கன்று போடவிடாமல் தடுத்ததால் கன்று வீச்சு குறைந்து, மற்றப் பசுக்களின் கன்றுகள் பிழைத்துவிட்டன.

ஆனால் ஒரு கெட்ட செய்தியும் உள்ளே இருந்தது. கருத்தடையும் அகற்றுதலும் செய்த கணினி ஓட்டங்களில் 3 முதல் 13 சதவீதத்தில், நோய் முதலில் நன்றாகக் குறைந்து, பிறகு ஐந்தே ஆண்டில் 15 சதவீதத்துக்கும் மேல் எகிறியது. தடுப்பூசி ஓட்டங்களில் அப்படி நடக்கவில்லை. நோய் குறையக் குறைய, அதைக் கண்டு தேறிய பசுக்கள் வயதாகிச் சாகின்றன. நோயையே பார்க்காத இளம்தலைமுறை நிரம்புகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பசு கூட்டத்துக்கு நடுவில் கன்று வீசினால் போதும். வெற்றி நெருங்கும் நேரத்தில்தான் மந்தை மிகவும் பலவீனமாக இருக்கிறது. ஊசியைக் கண்டுபிடித்தவர்களைவிட, இதைக் கண்டுபிடித்தவர்கள் நமக்கு அதிகம் கற்றுத்தந்தார்கள் என்பது என் எண்ணம்.

பிடிப்பதுதான் பாடு

இளம்பசுவைத் தேடிப் பிடி என்று கணினிக்குச் சொல்வது சுலபம். யெல்லோஸ்டோனில் அதற்கு ஒரே வாய்ப்பு, கடும் பனியில் மேய்ச்சல் தேடி வடக்கு எல்லைக்கு இறங்கும் கூட்டத்தை ஸ்டீபன்ஸ் கிரீக் என்ற இடத்தில் உள்ள பட்டிக்குள் ஓட்டுவது. உள்ளே குறுகிய தடத்தில் ஒவ்வொன்றாக நகர்த்தி, இரும்புச் சட்டங்களுக்கு நடுவே நெருக்கி நிறுத்தி, ரத்தம் எடுக்க வேண்டும். அடைபட்டுப் பழகாத அரை டன் விலங்கு சட்டத்தில் மோதிக்கொள்ளும், கொம்பு உடையும். பனி குறைந்த ஆண்டில் கூட்டம் இறங்காது. அந்த ஆண்டு வேலையே இல்லை. உட்பகுதியில் தங்கிவிடும் கூட்டத்தை எட்டவே முடியாது.

எதிர்ப்பும் கிளம்பியது. பைசன் ஆர்வலர் அமைப்புகளுக்கு, காட்டு விலங்கைப் பண்ணை மாடாக்கும் வேலை இது. அவர்கள் வாதத்தில் உணர்ச்சி மட்டும் இல்லை. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வருவதுண்டு. அதைவிட ஆழமான ஆட்சேபம் ஒன்று: கருத்தடைத் தடுப்பூசி நன்றாகப் பலிப்பது எதிர்ப்பாற்றல் வலுவான பசுவிடம். எதிர்ப்பாற்றல் மந்தமான பசுவிடம் ஊசி தோற்கும், அது கன்று போடும். பல தலைமுறைக்கு இதைத் தொடர்ந்தால், நோயை எதிர்க்கத் திராணி குறைந்தவற்றின் சந்ததியையே நாம் பெருக்கிக்கொண்டிருப்போம். நோயைத் தடுக்கப் போய் நோஞ்சான் மந்தையை உருவாக்கலாமா? சில ஆண்டு, சில நூறு பசுக்களோடு நிறுத்தினால் இந்தப் பயம் பெரிதில்லை. காலாகாலத்துக்கும் என்றால் பெரிதுதான்.

மூச்சில் பரவுவது, பல்லில் பரவுவது

புருசெல்லாவுக்குப் பொருந்தும் தர்க்கத்தை எல்லா நோய்க்கும் நீட்டிவிடக் கூடாது. பிரிட்டனில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கு மாட்டுக்குக் காசநோயைக் கொடுக்கிறது. காசம் மூச்சிலும் சளியிலும் பரவுவது. கருத்தடை ஊசி போட்ட பேட்ஜரும் இருமும். அங்கே கருத்தடையால் புதுக் குட்டிகளின் வரத்துதான் குறையும். நோயாளி பரப்புவதை அது தொடாது.

ஆனாலும் அங்கேயும் ஒரு சாதகம் உண்டு. 1998 முதல் 2005 வரை பேட்ஜர்களைக் கொன்று பார்த்த பெரிய பரிசோதனையில், கொன்ற பகுதிக்குள் மாட்டுக் காசம் குறைந்தது, அதைச் சுற்றிய வளையத்தில் கூடியது. குடும்பம் கலைந்ததும் மிஞ்சியவை எல்லை தாண்டி அலைந்து நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கருத்தடை குடும்பத்தைக் கலைப்பதில்லை.

நாய்க்கு வருவோம். வெறிநோயைத் தடுப்பது ஆபரேஷன் அன்று, அதோடு சேர்த்துப் போடும் வெறிநோய்த் தடுப்பூசி. தெருவிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவல் அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. அந்த 70ஐத் தொடுவதைவிடத் தக்கவைப்பது கடினம். ஊசி போட்ட நாய்கள் சாகின்றன, ஊசி போடாத குட்டிகள் பிறக்கின்றன. ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்பதில்லை. பிறப்பைக் குறைத்தால் ஊசி போட்டவற்றின் பங்கு நெடுநாள் நிலைக்கும். பிள்ளைப்பேற்றின் சுமை இல்லாததால் விலங்கு கூடுதல் காலம் வாழ்வதும் உண்டு; அசாட்டீக் தீவில் ஊசி போட்ட பெண்குதிரைகள் அப்படி வாழ்ந்தன. ஆக, டீக்கடைக் கேள்விக்குப் பதில்: ஆபரேஷன் மட்டும் செய்து தடுப்பூசி போடாமல் விட்டால் வெறிநோய்க்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஊசியோடு சேரும்போதுதான் அது நோய்த்தடுப்பு.

எல்க் மானின் பங்கு

மறுபடியும் யெல்லோஸ்டோன். கன்று வீச்சு நோயைச் சுமக்கும் இன்னொரு விலங்கு அங்கே உண்டு, எல்க் மான். பைசனைவிடப் பல மடங்கு எண்ணிக்கை. வேலியைத் தாண்டிக் குதித்து மாட்டுப் பண்ணைக்குள் போய் வைக்கோல் தின்னும். இயல்பாக எல்க் தனியே ஒதுங்கிக் கன்று போடுவதால் நோய் அதிகம் பரவாது. வையோமிங்கில் குளிர்காலத்தில் தீனி போடும் களங்களில் நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கும்போது ஒன்று கன்று வீசினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமி 2017இல் வெளியிட்ட அறிக்கை, 1998 முதல் அந்த வட்டாரத்தில் மாடுகளுக்கு வந்த தொற்றுகளை ஆராய்ந்து, எல்லாமே எல்க்கிலிருந்து வந்தவை என்று சொன்னது. பைசனிடமிருந்து வந்ததாக ஒன்றுகூட இல்லை. அத்தனை ஆண்டு ஆயிரக்கணக்கில் பைசனைக் கொன்றவர்களுக்கு இது சங்கடமான அறிக்கை. அத்தனை எல்க்கையும் பட்டிக்குள் ஓட்டி ஊசி போட யாராலும் முடியாது.

2024 ஜூலையில் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை புதிய பைசன் திட்டத்தை ஏற்றது. மந்தையை 3,500க்கும் 6,000க்கும் நடுவில் வைத்திருப்பது இலக்கு. பிடித்துத் தனிமையில் வைத்து, நோயில்லை என்று உறுதியானவற்றைப் பழங்குடி நிலங்களுக்கு அனுப்புவதற்கு முதலிடம், பூங்காவுக்கு வெளியே பழங்குடிகளின் வேட்டை அடுத்தது, மீதிக்கு இறைச்சிக்கூடம். கருத்தடை ஊசிக்கு அதில் இடமில்லை. சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். ஊசி போட்டு இறைச்சி வேட்டையையும் நடத்துவது ஒன்றுக்கொன்று பொருந்தாத வேலை. மாட்டுக்கு நோய் கொடுக்காத விலங்கின் பிறப்பைத் தடுத்து மாட்டைக் காப்பாற்றவும் முடியாது. வேலிக்குள் வளரும் சிறு பைசன் மந்தைகளில், ஒவ்வொரு பசுவுக்கும் காதில் எண் தொங்கும் இடத்தில், இந்த ஊசியை இன்னும் முயன்று பார்க்கலாம்.